தோகைமயிலுக்குப் புது டிரைவர்

வாங்க தம்பி, வாங்க. நீங்கதானுங்களே புது டிரைவரு? மொதலாளி போன்ல சொன்னாரு. ஸ்கூல் வண்டி ஓட்டிட்டு இருந்தீங்களாமா? பாத்தாலே தெரியுது, சட்டையில கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா தமாசுக்குச் சொல்றது. நான் நாச்சிமுத்து, இந்த வண்டிக் கண்டக்டரு. தாராபுரம் உடுமலை ரூட்டுல என்னையத் தெரியாத ஆளு கெடையாது. மாஸ்டர், ரெண்டு டீ போடுங்க. சாவிய டேபிள் மேல வெய்ங்க தம்பி, யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க. வண்டி எடுக்க இன்னும் நேரமிருக்குது, உக்காருங்க.

அதா, மயில் படம் போட்டு நிக்குது பாருங்க, அதுதான் நம்ம வண்டி. தோகைமயில். பக்கத்துல செவப்பா நிக்கறது ராஜகாளை. ஸ்டியரிங்கு மேல காலத் தூக்கி வெச்சுட்டு ஒருத்தன் போன் பாத்துட்டு இருக்கறான் பாருங்க, அவன் பேரு ஜெகன். அந்த வண்டி டிரைவரு. நம்ம வண்டி போயிக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவன் கெளம்போணும், அதுதான் டைமிங். ஆனா வழியில அவன் நம்மளத் தாண்டிட்டான்னு வெய்ங்க, ரோட்டுல நிக்கற சனம் பூராம் அவன் வண்டியில ஏறீரும். நாம காலி சீட்டக் காத்து வாங்க உட்டுட்டு உடுமலை போயிச் சேரோணும். அது கூடப் பரவால்லீங்க. இந்தக் காலேஜ் பசங்க சிரிப்பானுங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு செட்டுப் பசங்க இருக்கறானுங்க. ஆயுத பூசைக்கு மால போடறது அவனுங்கதான், ஜெயிச்சாக் கத்தறது அவனுங்கதான், தோத்தாக் காறித் துப்பறதும் அவனுங்கதான்.

உங்களைய எதுக்கு உக்கார வெச்சுப் பேசறன்னா, நீங்க இந்த வண்டியில நெலச்சு நிக்கோணும். அது எனக்கு முக்கியமுங்க. நீங்க ஒத்து வரலீன்னா மொதலாளி என்ற பையன ஏத்தறன்ங்கறாரு. லோகேஸ்வரன்னு பேரு, லோகுன்னு கூப்புடுவோம். இப்பத்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கறான். நல்லாவே ஓட்டுவானுங்க, அதுல கொறையே இல்ல. உள்ளதச் சொன்னா உங்களைய மாதிரி நாலு பேரச் சுருட்டி வெச்சுட்டு ஓட்டுவான். இருந்தாலும் அவனுக்கு இப்ப நேரஞ் சரியில்லீங்க, ஜோசியரு சொன்னாரு. அவங்கம்மாவும் அவன அந்தச் சீட்டுல ஏத்தக் கூடாதுன்னு என்ற கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. பொம்பளைங்க பயந்தாங்கொள்ளிங்க, உங்களுக்கே தெரியும். அதனால நீங்களே இருந்துக்குங்க. ஆனா இந்த வண்டிய எப்புடி ஓட்டோணும்னு தெரிஞ்சுட்டு ஏறுங்க. முன்னால இருந்த திருமூர்த்தி பண்ணுன மாதிரி பண்ணிப்போடாதீங்க.

திருமூர்த்திக்கும் உங்க வயசுதான் இருக்கும். பொங்கல் கழிச்சு வந்து சேந்தான். கை நல்ல கைங்க, பொய் சொல்லக் கூடாது. கியர் மாத்துனாச் சத்தமே கேக்காது. கைக்கொழந்த வெச்சிருக்கற பொம்பளைங்க இவன் வண்டிக்குன்னு நின்னு ஏறுவாங்க. ஆனா ரோசமில்ல. ரோசமில்லாத ஆம்பளைய வெச்சுட்டு ரூட்டு ஓட்ட முடியுங்களா? ஜெகன் பொறகால ஹார்ன் அடிச்சா இவன் எடது பக்கம் ஒதுங்கி, சன்னல்ல கைய உட்டுப் போ போன்னு காட்டுவான். ஊட்டுக்கு வந்த ஒறம்பரைய வழியனுப்பற மாதிரி! ஜெகன் வண்டியில இருக்கற பசங்க எங்களையப் பாத்து நாக்கத் துருத்திட்டுப் போவானுங்க.

நானும் சொல்லிப் பாத்தனுங்க. சண்டைக்கெல்லாம் போகல, நயமாத்தான் சொன்னன். டிக்கெட்டுக் கிழிச்சுட்டே, "பெரியம்மா, அவசரமா இருந்தா எறங்கி நடங்க, எங்களுக்கு முன்னால போயிரலாம்"னுவன். வண்டியே சிரிக்கும். "தம்பி, ஆக்சிலேட்டரு என்ன உன்ற மாமனாரு காலா, மிதிக்கறதுக்கு இத்தன யோசன பண்ற?"ன்னுவன். அவன் மட்டும் சிரிக்க மாட்டான். பொறகால இருந்து பாப்பன், அவன் காது ரெண்டும் செவந்து கெடக்கும். சரி, சூடு ஏறுது, நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்குவன்.

ஒரு நாளு இதே பஸ்ஸ்டாண்டுல, இந்தா இந்தத் தூணுகிட்ட, ஜெகன் நம்ம வண்டிய எடுக்க உடாம குறுக்க நிறுத்திட்டான். திருமூர்த்தி எறங்கிப் போயி, "அண்ணா, உங்க டைமுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க, கொஞ்சம் பொறகால எடுங்க"ன்னான். அண்ணாவாமா, எடுங்கவாமா. ஜெகன் எறங்கி வந்து பளீர்னு ஒண்ணு உட்டான் பாருங்க. ஒதடு கிழிஞ்சு பல்லு பூராம் ரத்தம். இன்னொண்ணு உட்டான், மூக்குல. இவன் சட்டைக் காலரெல்லாம் செவந்து போச்சு. பஸ்ஸ்டாண்டே நின்னு பாக்குது. நான் ஜாக்கி லீவர எடுத்து அவன் கையில குடுக்கறன், இவன் வாங்கல. பாட்டல் தண்ணியில வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, ஏறி உக்காந்து வண்டிய எடுத்துட்டான். டைமுக்கு.

"ஏண்டா திருப்பி அடிக்கல?"ன்னு கேட்டன். "வண்டி நெறைய ஆளுங்க இருக்கறாங்கண்ணா. ஒருத்தன அடிச்சுட்டு வந்தா கை நடுங்கும். நடுங்கற கையில எப்புடி ஓட்டறது?"ன்னான். இது ஒரு பதிலுங்களா தம்பி? நீங்களே சொல்லுங்க. என்ன, தலைய ஆட்டறீங்க? சரி, டீயக் குடிங்க.

அவன் அடி வாங்குனத என்ற பையன் லோகு போன்ல புடிச்சுட்டான். அவன்தானுங்க நம்ம வண்டிப் பசங்களுக்கெல்லாம் தலைவரு. அவனுக்கு வயிறு எரியாம இருக்குமா? "தோகைமயிலுக்கு ஆம்பள டிரைவர் தேவை"ன்னு எழுதி நெட்டுல போட்டுட்டான். பிச்சுட்டுப் போச்சு! காங்கேயம், ஒட்டன்சத்திரம்னு எல்லாப் பக்கமும் பாத்துட்டாங்க. அவனுக்குச் சின்ன வயசுலேயே மூளைங்க. எட்டாவது படிக்கறப்பவே பைக்க எடுத்து ஊரச் சுத்துவான். ஒருக்கா இன்னொரு பையனோட ரேஸ் உட்டு உழுந்து தோள்பட்டை எலும்பு ஒடஞ்சுபோச்சு. கட்டுப் போட்டுட்டு ஆஸ்பத்திரியில படுத்துட்டு, "அப்பா, அவன் என்னைய முந்தலியே?"ன்னு கேட்டானுங்க. என்ற ரத்தம்னு நெனச்சன். கட்டுப் பிரிச்சன்னிக்கே அவனுக்குப் புது சைலன்சரு மாட்டிக் குடுத்தன்.

எங்க உட்டன்? ஆங், திருமூர்த்தி அடி வாங்குனதுல.

அதுக்கு அடுத்த நாளு காலையில வண்டியெடுக்க வந்தா, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில ஒரு கொத்துக் கண்ணாடி வளையலு, மல்லியப் பூவோட சேத்துக் கட்டித் தொங்குது. நான் கட்டலீங்க. ஆத்தா சத்தியமா நான் கட்டல. அவனுக்கு முன்னாடியே வந்தன், பாத்தன், அவுத்துப்போடலாம்னு கைய வெச்சன், அப்பறம் உட்டுட்டன். நான் எதுக்கு அவுக்கோணும்? ரோசமிருந்தா அவன் அவுக்கட்டும். வந்தான், பாத்தான், ஏறிட்டான். உடுமலை வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஜல்ஜல்லுன்னு சத்தம். கண்ணாடியில பின்னால வர்ற வண்டி தெரியுமோ தெரியாதோ, அந்த வளையலு தெரியும். அங்க போயி எறங்கி, பொறுமையா ஒவ்வொண்ணா அவுத்து, பூ விக்கற அம்மாகிட்டக் குடுத்து, "புள்ளைக்குப் போடுங்க"ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அவனக் காலால ஒதைக்கலாம்னு இருந்துச்சு.

அப்பறம் அவன் மாமனாரு ஊட்டுல ஏதோ விசேசம். பந்தியில உக்காந்திருக்கறான். மச்சினன் கரண்டியோட வந்து, எலையில சோறு போடறதுக்குப் பதிலா ஒரு வளையல வெச்சானாமா. வரிசையே சிரிக்குது. அதக் கூடத் தாங்கியிருப்பானுங்க. எதுக்க தண்ணி ஊத்திட்டு இருந்த அவன் பொண்டாட்டியும் வாயப் பொத்திட்டுச் சிரிச்சுட்டாளாமா. வேணும்னு சிரிச்சிருக்க மாட்டா, பாவம், சிரிப்பு வந்துருச்சு. எலைய மடிச்சுப்போட்டு எந்திரிச்சு வந்துட்டான்.

மறுநா வேலைக்கு வந்தவன் மொகமே வேற. டீ வேண்டாமுன்னுட்டான். "அண்ணா, இன்னைக்கு நீங்க விசில அடிங்க. மத்தத நான் பாத்துக்கறன்"னான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. இத்தன நாளாச் சொன்னதுக்கு இன்னைக்காவது பயன் வந்துச்சேன்னு லோகுவுக்குப் போன் போட்டன். ஓடி வந்து முன்னால எஞ்சின் பக்கத்துல போன் புடிச்சுட்டு நின்னுட்டான்.

உங்களுக்கு நம்ம விசில் பழக்கந் தெரியாதில்ல? ஸ்கூல் வண்டியில ஏது. ஒண்ணு அடிச்சா நிறுத்தறது, ரெண்டு அடிச்சாப் போறது, எல்லா வண்டிக்கும் அதேதான். நம்ம ரூட்டுல இன்னொண்ணு இருக்குது. மூச்சுப் புடிச்சு நீட்டி அடிச்சா, சைடு கிளியரு, அமுக்குன்னு அர்த்தம். அதக் கேட்டுட்டா டிரைவரு யோசிக்கக் கூடாது, கண்ணாடி பாக்கக் கூடாது, கால எடுக்கக் கூடாது. கண்டக்டரு விசில நம்பித்தான் வண்டியே ஓடுது.

பொறகால ஜெகன் ஹார்ன் அடிச்சுட்டே வர்றான். திருமூர்த்தி வழி உடல. மூணு மாசத்துல மொத தடவையா உடல! வண்டியில இருந்த பசங்க கூரையத் தட்டறானுங்க, பொம்பளைங்க கத்தறாங்க, ஒரு தாத்தா கம்பியக் கட்டிப் புடிச்சுட்டு முருகா முருகாங்கறாரு. நான் பொறப் படியில தொங்கிட்டு இருக்கறன். ஜெகன் வலது பக்கமா ஏறி வந்துட்டான், அவன் வண்டி மூக்கு நம்ம பாதி வண்டி வரைக்கும் வந்துருச்சு. இன்னும் கொஞ்சம் உட்டாப் போச்சு. நான் நீட்டி அடிச்சன். அவன் அமுக்குனான். இன்னும் அடிச்சன், இன்னும் அமுக்குனான். காது கிழியற மாதிரி அடிச்சனுங்க. அப்புடி ஒரு சொகம் ரொம்ப நாளா எனக்கு இல்ல.

வாய்க்கால் பாலத்துக்கிட்ட ரோடு குறுகீரும். ஜெகன் கொஞ்சம் பின்தங்குனதும் அவன மறிக்க நம்ம வண்டி வலது பக்கம் ஏறுச்சு. அங்க எதுக்க எக்ஸெல் வண்டியில ஒருத்தரு, மாட்டுக்குச் சோளத்தட்டு கட்டிட்டு வந்திருக்கறாரு. வந்ததே தப்புங்க. ரெண்டு பஸ்ஸு சேந்து வர்றது கண்ணுக்குத் தெரியாதா? ஓரங்கட்டி நிக்கோணுமில்ல? அடிச்ச சத்தம் தேங்கா ஒடச்ச மாதிரி ஒண்ணு, அப்பறம் தரதரன்னு. வண்டி போயிப் பாலத்துச் செவுத்துல மோதி நின்னுச்சு. கண்ணாடி பூராம் பொலபொலன்னு உள்ள கொட்டுது. முன் சீட்டுல இருந்த பொம்பளைக்கு வாயி கம்பியில அடிச்சு, மடி பூராம் ரத்தமும் பல்லும். எனக்கு முழங்கையில தோலு உரிஞ்சுது, இந்தா பாருங்க, தழும்பு இன்னும் இருக்குது. லோகுவுக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். நெத்தியில மட்டும் ஒரு கீறலு. ஜெகன் நிக்கவே இல்ல. ஹார்ன் அடிச்சுட்டே போயிட்டான்.

அந்த எக்ஸெல் ஆளு பேரு என்னமோ சொன்னாங்க, மறந்துபோச்சு. தட்டுக்கட்டுப் பிரிஞ்சு ரோடு பூராங் கெடக்குது, அதுக்கடியில அவரு. தட்டெல்லாம் நனஞ்சு செவந்து போச்சு. ஒரு காலு மட்டும் ஆடிட்டு இருந்துச்சு, அப்பறம் அதுவும் நின்னுருச்சு.

தோட்டங்காட்டுல வேல செஞ்சுட்டு இருந்த சனம் அரிவா, கம்புன்னு கையில கெடச்சதத் தூக்கிட்டு ஓடியாருது. திருமூர்த்தி காலு ஸ்டியரிங்குக்கு அடியில சிக்கியிருக்குது. சன்னல் வழியா முடியப் புடிச்சு இழுத்தாங்க. காலு வரல. இன்னும் இழுத்தாங்க, ஒரு சத்தங் கேட்டுச்சு, அப்பறம் வந்துருச்சு. "கண்டக்டரு எவன்டா?"ன்னு ஒருத்தன் கேக்கறான். நான் டிக்கெட் பைய சீட்டுக்கடியில தள்ளிட்டு, காக்கிச் சட்டையக் கழட்டி எறிஞ்சுட்டுப் பனியனோட கூட்டத்துல நின்னுட்டன். புத்தி வேல செஞ்சுது, அவ்வளவுதான். எல்லாரும் அடிக்கறப்ப ஒருத்தன் மட்டுஞ் சும்மா நின்னாச் சந்தேகம் வருமில்லீங்க? நானும் ரெண்டு வெச்சன். மொகத்துலதான். "இத்தன சனத்த ஏத்திட்டு இப்புடியாடா ஓட்டுவ?"ன்னு கேட்டுட்டே வெச்சன். கேட்டதுல என்ன தப்பு, நாயமான கேள்விதான? ஒரு கண்ணுல கல்லடி பட்டுப் பொத்துப் போயி இருந்துச்சு. இன்னொரு கண்ணால என்னையப் பாத்தான். "அண்ணா, விசிலு..."ன்னான். அதுக்கு மேல பேசறதுக்கு வாயில பல்லு இல்ல.

இப்ப ஊட்டுலதான் இருக்கறான். ஒரு கண்ணு போச்சு, காலு முட்டி மடங்காது. கேசு நடக்குது. டிரைவரு அஜாக்கிரதையா ஓட்டுனதுதான் காரணமுன்னு நான் சாட்சி சொல்லியிருக்கறன். பின்ன? எது நெசமோ அதத்தான சொல்லோணும். நல்லா யோசிச்சுப் பாத்தா காரணம் என்ன தெரியுங்களா? மாசக்கணக்குல மெதுவா ஓட்டிப் பழகுனவன் ஒரே நாள்ல வெசையா ஓட்டுனா எப்புடிக் கை நிக்கும்? மொத நாள்ல இருந்தே நான் சொன்ன மாதிரி ஓட்டியிருந்தா இன்னைக்கு ராசா மாதிரி இருந்திருப்பான். அதுக்குத்தான் உங்களுக்கும் சொல்றன். இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க.

என்னங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? டீ பாதி கெடக்குது. ஸ்கூல் வண்டிக்கே திரும்பிப் போறீங்களா? அட, ஆம்பளையாட்டம் இருங்க தம்பி. மீச வெச்சிருக்கீங்க, அதுக்காவது ஒரு மரியாத வேண்டாமுங்களா? சும்மா சொன்னங்க. கோவிச்சுக்காதீங்க. சாவிய எடுங்க. எடுங்கன்னா.

தம்பி, இங்க பாருங்க, கொஞ்சம் இருங்க. மெதுவாவே ஓட்டுங்க. நெசமாத்தான் சொல்றன். ஜெகன் போனாப் போயிட்டுப் போறான், நீங்க கையக் காட்டி வழி உடுங்க, நான் வாயே தொறக்க மாட்டன். விசிலு கூட ஒண்ணு ரெண்டுக்கு மேல அடிக்க மாட்டன். கண்ணாடியில எவனாவது எதையாவது கட்டுனா நானே அவுத்து எறியறன். இன்னைக்கு ஒரு நாளு ஓட்டுங்க சாமி. ஒரு சிங்கிள், உடுமலை போற நடை மட்டும். நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறன்.

டேய் லோகு, நீ எதுக்கு இங்க வந்த? சாவிய வையிடா. வையின்னா. அத அந்த அண்ணன் எடுத்துக்குவாரு... டேய்!

ஏறிட்டான் பாருங்க. அதுக்குள்ள பசங்கெல்லாம் எங்க இருந்து வந்தானுங்க? விசில் அடிக்கறானுங்க, பூவ எறியறானுங்க. போன எத்தன பேரு தூக்கிப் புடிக்கறானுங்க பாருங்க. லோகு, எறங்குடா. அம்மாவுக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கறன்டா. எறங்கு சாமி.

கேட்டீங்களா என்ன சொல்றான்னு? "பயமா இருந்தா நீங்க இங்கேயே உக்காந்துக்குங்கப்பா"ங்கறான். எல்லாருஞ் சிரிக்கறாங்க. அதா, ஜெகன் ஸ்டியரிங்குல இருந்து கால எடுத்துட்டான். எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டான். அவனுஞ் சிரிக்கறான்.

இத்தன பேரு பாக்கறப்ப நான் என்ன பண்றதுங்க? பையன இழுத்து எறக்குனா, நாளைக்கு அவன் இந்தப் பஸ்ஸ்டாண்டுக்குள்ள எப்புடித் தலைய நிமுத்தி வருவான்? நீங்க போயிச் சொல்லுங்களேன். நீங்க வேத்தாளு, நீங்க சொன்னாத் தப்பில்ல. மாட்டீங்களா. சரி, உடுங்க.

ஏறுங்கம்மா, ஏறுங்க, உடுமலை, உடுமலை. உள்ள போங்க, படியில நிக்காதீங்க.

தம்பி, போறதுன்னாப் போங்க, ஒரு ஒதவி மட்டும் பண்ணுங்க. என்ற ஊட்டுக்காரி இப்ப போன் பண்ணுவா. வண்டி எடுக்கறப்ப தெனமும் கேப்பா, இன்னைக்கு யாரு ஓட்டறதுன்னு. நீங்கன்னு சொல்லீர்றன். ஸ்கூல் வண்டி ஓட்டுனவரு, நெதானமான ஆளு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கறாருன்னு சொன்னா நிம்மதியாச் சோறு தின்பா. உங்க பேரு என்னங்க? இத்தன நேரம் பேசிட்டு இருக்கறன், பேரக் கேக்கவே இல்ல பாருங்க. ரெண்டு விசிலு அடிச்சுட்டன், வண்டி நவுருது. சீக்கிரஞ் சொல்லுங்க.